வீடியோ கேமுக்குள் ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் மேகமும் புதரும் ஒரே படம்தான். வெள்ளை பூசி மேலே வைத்தால் மேகம், பச்சை பூசி தரையில் வைத்தால் புதர். கேம் பிரியர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி இது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். காரணம் இடப் பற்றாக்குறை. 1985இல் வந்த அந்த ஆட்டம் மொத்தமே 40 கிலோபைட். அதில் படங்களுக்கு ஒதுக்கியது 8 கிலோபைட். மாரியோ, எதிரிகள், செங்கல், குழாய், கோட்டை, எழுத்துகள் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஒரே படத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டது அப்படிப் பிறந்த சாமர்த்தியம்.

ஒளிந்திருக்கும் விஷயத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாதவரை கையில் இருப்பது வெறும் துணுக்குதான். இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே சொல்லித்தருகிறது. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

எதைத் தேடுகிறோம்?

ஆட்டத்துக்குள் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்: வேண்டுமென்றே ஒளித்தது, எடுக்காமல் விட்டது, இயந்திரம் செய்ய வைத்தது. எந்த வகை என்று ஊகிக்க முடிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

வேண்டுமென்றே ஒளித்ததற்குப் புகழ்பெற்ற உதாரணம், அடாரி 2600 கன்சோலுக்கு 1980இல் வந்த அட்வென்ச்சர். அந்தக் காலத்தில் அடாரி நிறுவனம் ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரைப் பெட்டியிலும் போடாது, திரையிலும் காட்டாது. அதை எழுதிய வாரன் ராபினெட், யாரிடமும் மூச்சுவிடாமல் உள்ளே ஒரு ரகசிய அறையைக் கட்டித் தன் பெயரை எழுதி வைத்தார். அறைக்குள் போக ஒரு பொருள் வேண்டும். சாம்பல் நிறப் பின்னணியில் அதே சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஒரே ஒரு புள்ளிதான் அந்தப் பொருள். ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையை விட்டே போயிருந்தார். சிப்பை மாற்றித் தயாரிக்க ஆகும் செலவைப் பார்த்தவர்கள், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஸ்டீவ் ரைட் இப்படிப்பட்டவற்றுக்கு ஈஸ்டர் எக் என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

எடுக்காமல் விட்டது என்றால் பாதியில் கைவிட்ட லெவல், பயன்படாத வசனம், சோதனைக்காகப் போட்ட மெனு போன்றவை. இவற்றை ஏன் அழிப்பதில்லை? ஒன்றைப் பிடுங்கினால் அதைச் சார்ந்திருக்கும் வேறொன்று உடைந்துவிடலாம். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது, அழிப்பதைவிடக் கதவைப் பூட்டிவிடுவதே பாதுகாப்பு.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், வேற்றுக்கிரகவாசிகளைச் சுடச் சுட மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். அது முதலில் யோசித்து வைத்த சவால் அல்ல. திரையில் எல்லோரும் இருக்கும்போது வரைந்து முடிக்க இயந்திரம் திணறியது. எண்ணிக்கை குறையக் குறைய அதன் சுமை இறங்கி வேகம் கூடியது. நிஷிகாடோ அதைக் கவனித்தார், ஆட்டம் நன்றாக இருக்கிறதென்று அப்படியே வைத்துக்கொண்டார். ஆடுபவர் திறமை கூடக் கூட ஆட்டம் கடினமாவது என்ற வழக்கத்துக்கு வலுவான தொடக்கம் அங்கேதான் கிடைத்தது.

படி 1: ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்கெனவே நன்றாக ஆடித் தெரிந்த ஆட்டத்தையே எடுங்கள். வழக்கம் எது என்று தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். பழைய, சிறிய ஆட்டம் என்றால் கோப்புகளும் சிறியவை. முதல் முயற்சிக்கு அதுவே நல்லது.

பழைய ஆட்டத்தில் இனி என்ன மிச்சம் இருக்கும் என்று தயங்க வேண்டாம். 1994இல் வந்த சூப்பர் பன்ச்-அவுட்டில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் வசதி ஒளிந்திருக்கிறது என்பது 2022இல்தான் வெளியே தெரிந்தது. கோடிக்கணக்கான கைகள் தொட்ட கன்சோலில், 28 ஆண்டுகள்!

படி 2: கருவி எதுவும் இல்லாமல் தேடுங்கள்

முதலில் வெறும் கண்தான். ஆட்டம் உங்களை ஒரு திசையில் தள்ளும். அதற்கு எதிராக நடங்கள். லெவல் தொடங்கியதும் பின்னால் போய்ப் பாருங்கள். எதுவும் செய்யாமல் சில நிமிடங்கள் சும்மா நில்லுங்கள். பேசி முடித்த பாத்திரத்திடம் மறுபடி மறுபடி பேசுங்கள். கண்ணாடி, சுவரொட்டி, புத்தக அலமாரி, கணினித் திரை ஆகியவற்றின் முன்னால் நின்று படியுங்கள். கலைஞர்கள் தங்கள் குழுவினரின் முகங்களையும் பெயர்களையும் ஒட்டிவைக்க விரும்பும் இடங்கள் இவை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒருமுறையாவது முழுதாகப் பாருங்கள்.

சுவரையும் சும்மா விடாதீர்கள். 2009இல் ராக்ஸ்டெடி வெளியிட்ட பேட்மேன்: ஆர்க்கம் அசைலத்தில், வார்டனின் அறைச் சுவரில் எந்தக் குறியும் இல்லாத ஓரிடம் இருக்கிறது. அங்கே வெடி ஜெல்லைப் பூசித் திரும்பத் திரும்ப வெடித்தால் சுவர் இடிந்து ஒரு ரகசிய அறை திறக்கும். உள்ளே அடுத்த ஆட்டமான ஆர்க்கம் சிட்டியின் வரைபடம்! பேட்மேனின் துப்பறியும் பார்வையில்கூட அந்தச் சுவர் தனியாகத் தெரியாது. ஆட்டம் வெளிவந்து பல மாதங்கள் ஆகியும் ஒருவரும் கண்டுபிடிக்காததால், கடைசியில் ராக்ஸ்டெடியே வாய் திறந்தது.

கடிகாரமும் ஒரு பூட்டாக இருக்கலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் வந்த புதிதில் அதன் மென்பொருளுக்குள் 1984ஆம் ஆண்டின் கோல்ஃப் ஆட்டம் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்தை அன்று எழுதியவர் சடோரு இவாட்டா. பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரானவர், 2015 ஜூலை 11 அன்று காலமானார். கன்சோலின் தேதி ஜூலை 11 ஆக இருக்கும்போது, இரண்டு கைகளிலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, அவர் காணொளிகளில் வழக்கமாகச் செய்யும் அந்தச் சைகையைச் செய்தால் கோல்ஃப் திறக்கும். 2017இல் இது வெளியே தெரிந்தது. பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆகவே நள்ளிரவு, பண்டிகை நாள், ஆட்டம் வெளியான தேதி, உருவாக்கியவரின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கடிகாரத்தை மாற்றி வைத்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

கடைசியாக, எண்களை எல்லைக்குத் தள்ளுங்கள். 8 பிட் இடத்தில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 256 என்றால் மறுபடி 0. 1980இன் பேக்-மேன் ஆட்டத்தில் 256ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி முழுக்க எழுத்துகளும் பழங்களுமாகக் குப்பையாகிவிடும். கட்ட எண்ணுக்கு ஏற்பப் பழங்களை வரையும் பகுதி, 0 என்ற எண்ணைக் கண்டு குழம்பி, கணக்கில்லாமல் வரைந்து தள்ளுவதன் விளைவு அது. பணம், உயிர், நாள் எண்ணிக்கை ஆகியவை 99, 255, 65,535 ஆகியவற்றைத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்று எப்போதும் பாருங்கள்.

படி 3: கேமராவை அவிழ்த்துவிடுங்கள்

ஆட்டக்காரருக்குத் தெரியாத பக்கத்தை யாரும் மெனக்கெட்டு அலங்கரிப்பதில்லை. வேலை நடந்த விதம் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். புதிய ஆட்டங்களில் போட்டோ மோட் (ஆட்டத்தை நிறுத்திவைத்துப் படமெடுக்கும் வசதி) இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். கேமரா போகும் தூரம் வரை தள்ளிச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். கணினி ஆட்டம் என்றால் கேமராவை எங்கும் பறக்கவிடும் மோட்கள், அதாவது ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் எழுதும் துணை நிரல்கள், பல ஆட்டங்களுக்குக் கிடைக்கின்றன.

பழைய ஆட்டங்களுக்குச் சுவரைக் கடக்கும் ஏமாற்றுச் சொற்கள் உண்டு. 1994இன் டூம் 2 ஆட்டத்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே ஐ-டி-சி-எல்-ஐ-பி என்ற ஆறு எழுத்துகளைத் தட்டினால் எதையும் ஊடுருவிப் போகலாம். கடைசிக் கட்டத்தில் சுவர் அளவுக்கு ஒரு பிசாசு முகம் நிற்கும். அதன் நெற்றித் துளைக்குள் ராக்கெட் விட வேண்டும். சுவரைக் கடந்து உள்ளே போனால், ஒரு கம்பில் குத்தி வைத்த மனிதத் தலை. அது ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலை! நாம் விடும் ராக்கெட் உண்மையில் தாக்குவது அதைத்தான்.

2014இல் வந்த பி.டி. என்ற திகில் ஆட்டத்தை இந்தப் படிக்குச் சிகரமாகச் சொல்வேன். ஆடியவர்கள் பலர், யாரோ பின்னால் நிற்பது போலவே இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019இல் லான்ஸ் மெக்டொனால்ட் கேமராவை ஆட்டக்காரரிடமிருந்து பிரித்துப் பின்னால் திருப்பிப் பார்த்தார். கைவிளக்கு கிடைத்த கணத்திலிருந்து லிசா என்ற அந்தப் பேய் உண்மையிலேயே நம் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சில நேரம் அதன் நிழல் சுவரில் விழுவதும், ஓரக்கண்ணில் ஏதோ அசைவதும் அதனால்தான். ஆடியவர்கள் உணர்ந்தது கற்பனை அல்ல.

படி 4: ஒலியைத் தனியாகக் கேளுங்கள்

ஆடாசிட்டி போன்ற இலவச ஒலி மென்பொருள் ஒன்று போதும். ஆட்டத்தின் ஒலிக் கோப்பையோ, நீங்கள் பதிவு செய்த ஒலியையோ அதில் திறங்கள். செய்ய வேண்டியவை மூன்று: பின்னோக்கி ஓட்டுவது, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கேட்பது, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுவது.

மேலே சொன்ன டூம் 2 பிசாசு, நம்மைப் பார்த்ததும் புரியாத மொழியில் உறுமும். அதைப் பின்னோக்கி ஓட்டினால் தெளிவான வாக்கியம்: ஆட்டத்தை ஜெயிக்க வேண்டுமானால் ஜான் ரொமேரோவாகிய என்னைக் கொல்ல வேண்டும். சுவருக்குப் பின்னால் இருந்த தலைக்கும் இந்தக் குரலுக்கும் இப்போது முடிச்சு விழுகிறது. ஒரு ரகசியம் இன்னொன்றைச் சுட்டுவது அடிக்கடி நடப்பதுதான். ஒன்று கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள்.

ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் காட்சி. 2016இன் டூம் ஆட்டத்துக்கு மிக் கோர்டன் அமைத்த இசையில், சைபர்டீமன் என்ற பகுதியை இப்படித் திறந்தால் ஐந்துமுனை நட்சத்திரங்களும் 666 என்ற எண்ணும் தெரியும். இன்னும் பெரிய அளவில் செய்தது போர்ட்டல் என்ற ஆட்டம். 2010 மார்ச் மாதம் ஒரு சிறு புதுப்பிப்பு வந்தது. அதற்குப் பின் ஆட்டத்தில் இருந்த வானொலிப் பெட்டிகளைக் குறிப்பிட்ட இடங்களுக்குத் தூக்கிக்கொண்டு போனால் விசித்திரமான ஒலிகள் கேட்டன. சில மோர்ஸ் தந்திக் குறிகள். சில, வானொலி ஆர்வலர்கள் ஒலி வழியாகப் படம் அனுப்பப் பயன்படுத்தும் முறையில் அமைந்த படங்கள். எல்லாவற்றையும் அவிழ்த்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம், போர்ட்டல் 2 அறிவிப்பு.

படி 5: கோப்புகளைத் திறங்கள்

இங்கிருந்து ஆழம் கூடும். தொடங்கும் முன் நான்கு விதிகள். உங்களுக்குச் சொந்தமான பிரதியையே பயன்படுத்துங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். இணையத்தில் பிறரோடு ஆடும் ஆட்டங்களின் கோப்புகளில் கை வைக்காதீர்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உங்கள் கணக்கை முடக்கிவிடும். நிறுவனங்களின் உள் கணினிகளிலிருந்து திருடி வெளியிடப்பட்டவற்றைத் தேடிப் போகாதீர்கள். அது ஆராய்ச்சி ஆகாது.

முதலில் கோப்புறையை நிதானமாகப் பாருங்கள். கோப்புப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லும். சோதனை, பழையது, மாதிரி என்ற பொருள்படும் பெயர்கள், வரிசை எண்ணில் விடுபட்ட இடங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 20 வரை லெவல் கோப்புகள் இருந்து, ஆட்டத்தில் 18 லெவல்தான் என்றால், மீதி இரண்டும் உங்கள் முதல் இலக்கு.

அடுத்து ஹெக்ஸ் எடிட்டர். கோப்பில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் இடப்பக்கம் எண்ணாகவும் வலப்பக்கம் எழுத்தாகவும் காட்டும் மென்பொருள் அது. வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஓட்டிக்கொண்டே வந்தால் படிக்கக்கூடிய சொற்கள் தானாகக் கண்ணில் படும். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் 00 வந்தால் பயப்பட வேண்டாம். ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் ஒதுக்கும் முறை அது. பழைய கன்சோல் ஆட்டங்களில் எழுத்துகள் இப்படி நேராகத் தெரியாது. அவற்றுக்குத் தனித்தனி எண் வரிசை இருக்கும், அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எமுலேட்டர்களில் (பழைய கன்சோலைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருள்கள்) இருக்கும் டைல் காட்சி இதற்குக் கைகொடுக்கும்: ஆட்டத்தின் எல்லாப் படத்துண்டுகளும் வரிசையாக எண்ணோடு தெரியும். மேகமும் புதரும் ஒன்றே என்பதையும் அங்கே நேரில் பார்த்துவிடலாம்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: சூப்பர் மாரியோவின் மைனஸ் உலகம். 1-2ஆம் கட்டத்தின் (முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம்) முடிவில், வெளியேறும் குழாய்மேல் நின்று, குனிந்தபடி பின்னோக்கிச் சரியான கணத்தில் குதித்தால் மாரியோ செங்கலுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுவார். அங்கே வேறு உலகங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குவழிக் குழாய்கள் இருக்கும். வரவேற்பு வாசகம் திரையில் வரும் முன்பே முதல் குழாயில் இறங்கிவிட வேண்டும். அப்போது உலகின் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகி, -1 என்று மட்டும் தெரியும். உள்ளே ஒரு தண்ணீர்க் கட்டம். கடைசிக் குழாயில் நுழைந்தால் மறுபடி தொடக்கத்துக்கே வந்து நிற்பீர்கள். முடிவே கிடையாது.

ஒளித்து வைத்த ரகசிய உலகம் என்றுதான் பலர் நினைத்தார்கள். கோப்பைத் திறந்தால் கதை வேறு. இந்த ஆட்டத்தில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் படங்களுக்கு அதே எண்கள். ஏ முதல் இசட் வரை 26 எழுத்துகளுக்கு 10 முதல் 35 வரை. அடுத்ததான 36 வெற்றுக் கட்டம், அதாவது இடைவெளி. ஹெக்ஸ் எடிட்டர் பதினாறின் அடிப்படையில் காட்டுவதால் அது 24 என்று தெரியும். இப்போது 04 03 02 00 24 05 24 00 08 07 06 என்ற வரிசையைத் தேடுங்கள். குறுக்குவழிக் குழாய்களின் பட்டியல் அதுதான். முதல் மூன்று எண்கள் 1-2ஆம் கட்டத்துக்கு: உலகம் 4, 3, 2. நடுவில் இருப்பது ஒரே ஒரு குழாய் கொண்ட இடத்துக்கு: உலகம் 5 மட்டும், இரு பக்கமும் எதுவும் எழுதக் கூடாது என்பதால் வெற்றுக் கட்டத்தின் எண்.

சிக்கல் எங்கே என்றால், குழாய்க்கு மேல் எழுத வேண்டிய எண்ணும், குழாய் கொண்டுபோக வேண்டிய உலகமும் இதே பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. வாசகம் வரும் முன் நாம் இறங்கிவிட்டதால் சரியான வரிசை இன்னும் தேர்வாகவில்லை. ஆட்டம் நடு வரிசையை எடுத்துக்கொள்கிறது. அதன் முதல் எண் 36. ஆக நாம் போவது 36ஆம் உலகத்துக்கு. அந்த எண்ணைத் திரையில் எழுதப்போனால் 36ஆம் படம் வருகிறது, அது வெற்றிடம். திரையில் இருப்பது மைனஸ் ஒன்று அல்ல, 36-1. இந்த விளக்கம் சரியா என்று நீங்களே சோதிக்கலாம்: அதே தந்திரத்தோடு நடுக் குழாயில் இறங்கிப் பாருங்கள், 5ஆம் உலகத்துக்குப் போவீர்கள். இது அழகான தடயம். சில பைட்டுகளைச் சேமிக்க ஒரே பட்டியலை இரண்டு வேலைக்கு வைத்த அதே சிக்கனம்தான் மேகத்தையும் புதரையும் ஒன்றாக்கியது.

இடம் எவ்வளவு அருமையானது என்பதற்கு இன்னொரு சான்று போக்கிமான். 1996இல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டங்களில் இடம் முழுக்க நிரம்பியிருந்தது. சோதனைக்கான பகுதிகளை நீக்கியதும் 300 பைட் காலியானது. புரோகிராமர் ஷிகேகி மோரிமோட்டோ அந்த இடத்தில் மியூ என்ற போக்கிமானைச் செருகிவிட்டார். சோதனை எல்லாம் முடிந்த பிறகு எதையும் தொடக் கூடாத கட்டத்தில் செய்த வேலை அது! ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும்படி வைக்கவில்லை. ஆனாலும் கிளிட்ச் எனும் நிரல் பிழை வழியாகச் சிலர் கண்ணில் பட்டுவிட்டது, அப்புறம் மியூவைப் பிடித்துவைக்க முடியவில்லை.

பூட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கு கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் சாட்சி. கைவிடப்பட்ட ஒரு வயதுவந்தோர் காட்சி கோப்புகளிலேயே கிடந்தது. 2005இல் ஒரு மோட் அதைத் திறந்து காட்டியதும், அமெரிக்காவில் அந்த ஆட்டத்தின் தரச்சான்று வயதுவந்தோருக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது.

படி 6: பதிப்புகளை ஒப்பிடுங்கள்

ஒரே ஆட்டம் வேறு நாட்டில், வேறு கன்சோலில், வேறு பேட்சில் (திருத்தப் புதுப்பிப்பில்) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஹெக்ஸ் எடிட்டர்களில் இரண்டு கோப்புகளை ஒப்பிடும் வசதி உண்டு. மைனஸ் உலகமே இதற்கும் உதவும். ஜப்பானில் வட்டில் வந்த பதிப்பில் அதே தந்திரம் வேலை செய்யும், ஆனால் அங்கே -1, -2, -3 என்று மூன்று கட்டங்கள், முடிக்கவும் முடியும். 36ஆம் உலகம் என்று ஒன்றை யாரும் உருவாக்காததால், பட்டியலுக்கு வெளியே நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதையே ஆட்டம் கட்டமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் பதிந்த சிப் உள்ள காட்ரிட்ஜில் கிடப்பது ஒன்று, வட்டில் கிடப்பது வேறொன்று.

படி 7: செய்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்

கோப்பு என்ன இருக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்ல ஆள் வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் உரைகள் ஏராளமாக இலவசமாகவே கிடைக்கின்றன. சடோரு இவாட்டா தன் நிறுவனத்து ஆட்களை உட்கார வைத்து எடுத்த நீண்ட பேட்டிகளும் பொக்கிஷம். மியூவின் 300 பைட் கதை அவற்றில் ஒன்றில்தான் வருகிறது.

ஆடும்போது ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாத சில விஷயங்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன. 2007இன் பயோஷாக்கில் எதிரியின் முதல் குண்டு வேண்டுமென்றே குறி தவறும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அடிபட்டால் ஆடுபவருக்கு அநியாயமாகத் தோன்றும் என்பதால் அந்த ஏற்பாடு. 2017இல் டெவலப்பர்கள் பலர் இப்படிப்பட்ட தந்திரங்களை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டபோது, உயிர்ப்பட்டையின் கடைசித் துளி திரையில் தெரிவதைவிட அதிகம் தாங்கும்படி பல ஆட்டங்களில் வைத்திருப்பதும் தெரிந்தது. மயிரிழையில் தப்பித்தேன் என்று நாம் பெருமைப்பட்ட தருணங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் அக்கறை இருந்திருக்கிறது.

மூலநிரல் வெளியாகியிருந்தால் அதையும் படியுங்கள். டூமின் மூலநிரல் 1997இலேயே வெளியானது. 2018இல் வந்த செலஸ்ட் ஆட்டத்தில், கதாநாயகியை இயக்கும் நிரலை அதை உருவாக்கியவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் குதிப்புச் சலுகை நேரம் 0.1 வினாடி என்று ஒரு வரி. பாறையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருந்தாலும் 0.1 வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால் குதிக்க முடியும். புரோகிராமிங் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வரி அது. படித்துவிட்டு ஆட்டத்தைத் திறந்து விளிம்பில் சோதித்துப் பாருங்கள்.

படி 8: சரிபாருங்கள்

நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். கேம் உலகத்தில் கட்டுக்கதை உண்மையைவிட வேகமாக ஓடும், ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மையைவிடச் சுவையாக இருக்கும்.

அணுகுண்டு காந்தி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இன் சிவிலைசேஷனில் காந்திக்குச் சண்டைக் குணம் 1 என்று வைத்திருந்தார்களாம். அவர் மக்களாட்சிக்கு மாறியதும் 2 குறைந்து, மைனஸுக்குப் போக முடியாமல் 255 ஆகிவிட்டதாம். அதனால்தான் அணுகுண்டு வீசினாராம். மேலே பேக்-மேனில் பார்த்த 8 பிட் கணக்கு இதில் கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெய்யர், 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று எழுதிவிட்டார். அந்த ஆட்டத்தில் சண்டைக் குணத்துக்கு இருந்ததே மூன்று நிலைகள்தான். 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் காந்தியின் அணு ஆயுத நாட்டத்தை உயர்த்தி வைத்தது வேண்டுமென்றே செய்த வேடிக்கை. கதை அதற்குப் பிறகுதான் பரவியது. விளக்கம் பொருந்துவது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு.

வதந்தி திரும்பிவந்து ஆட்டத்துக்குள் குடியேறுவதும் உண்டு. முதல் போக்கிமான் ஆட்டங்களில் கப்பல் நிற்கும் துறைமுகத்தில் ஒரு லாரி இருக்கும். அதைத் தள்ளினால் அடியில் மியூ என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்பினார்கள். லாரி நகரவே நகராது. 2004இன் மறுபதிப்பில் அதே லாரியின் பக்கத்தில் ஒரு தின்பண்டத்தை ஒளித்து வைத்தார்கள். மார்ட்டல் காம்பேட்டின் எர்மாக் கதையும் இதே மாதிரிதான். 1992இன் ஆட்ட இயந்திரத்தின் கணக்கு மெனுவில் அந்தப் பெயர் ஒரு பிழைக் கணக்காக இருந்தது. ரசிகர்கள் அதைச் சிவப்பு உடை நிஞ்ஜா ஒருவரின் பெயர் என்று நம்பினார்கள். 1995இல் அல்டிமேட் மார்ட்டல் காம்பேட் 3இல் எர்மாக் உண்மையான வீரராகவே வந்துவிட்டார். ஆகவே ஒன்றைச் சரிபார்க்கும்போது எந்த ஆண்டின் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். பின்னால் வந்ததைக் காட்டி முன்னால் இருந்ததாகச் சாதிப்பவர்கள் உண்டு.

'முதல்' என்ற சொல்லிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அட்வென்ச்சரில்தான் முதல் ஈஸ்டர் எக் என்று பல காலம் எழுதப்பட்டது. 1977இன் ஸ்டார்ஷிப் 1 என்ற ஆர்க்கேட் ஆட்டத்தில், குறிப்பிட்ட முறையில் விசைகளை அழுத்தினால் அதை உருவாக்கிய ரான் மில்னருக்கு வணக்கம் சொல்லிப் பத்து இலவச ஆட்டங்கள் தரும் ரகசியம் இருப்பது 2017இல் வெளியானது. அதற்கும் முந்தியது நாளையே கிடைக்கலாம். 'இதுவரை தெரிந்தவற்றில் பழையது' என்று எழுதுவதே நியாயம்.

என் அளவுகோல் இது: நானே செய்து பார்த்தேனா? வேறொரு பிரதியிலும் நடக்கிறதா? காரணத்தை நிரலோ உருவாக்கியவரோ உறுதி செய்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் உண்மை என்று எழுதலாம். முதல் இரண்டு மட்டும் என்றால், நடப்பதை மட்டும் எழுதுங்கள், காரணத்தை எழுதாதீர்கள். காணொளியை மட்டும் பார்த்து ஒருபோதும் முடிவுக்கு வராதீர்கள். மோட் போட்டு எதையும் படமெடுத்துவிட முடியும்.

படி 9: பதிவு செய்யுங்கள்

ஆட்டத்தின் பெயர், கன்சோல், எந்த நாட்டுப் பதிப்பு, பேட்ச் எண், எமுலேட்டர் என்றால் அதன் பெயரும் பதிப்பும். அப்புறம் செய்முறை: சேமித்த ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பொத்தான், எந்தக் கணம். உங்கள் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் அதையே செய்து பார்க்க முடிய வேண்டும். கோப்பில் கண்டது என்றால் கோப்பின் பெயரையும், எத்தனையாவது பைட் என்பதையும் எழுதுங்கள். மோட் எதுவும் இல்லாத ஆட்டத்தில், வெட்டாமல் ஒரே ஓட்டமாகத் திரையைப் பதிவு செய்து சேர்த்து வையுங்கள்.

வெளியிடும் முன் இன்னொரு பார்வை. ஆட்டங்களில் எடுக்காமல் விடப்பட்டவற்றை மட்டுமே தொகுக்கும் தி கட்டிங் ரூம் ஃப்ளோர் என்ற விக்கி தளம் இருக்கிறது. அங்கே ஆட்டத்தின் பெயரைத் தேடுங்கள். ஏற்கெனவே யாராவது கண்டுபிடித்திருந்தால் அவருக்கு உரிய பெருமையைக் கொடுங்கள். இல்லையென்றால், நீங்கள் எழுதியதைச் சேருங்கள். காரணம் பிடிபடாமல் நின்றால், காரணத்துக்கான இடத்தைக் காலியாகவே விட்டுப் பதிவு செய்யுங்கள். சூப்பர் பன்ச்-அவுட் போல, அதை நிரப்பப் போகிறவர் இருபது ஆண்டு கழித்தும் வரலாம்.